திரைக்கு இந்தப் பக்கம்

கனமழை விடுமுறை என்று கலெக்டரின் அறிவிப்பு டிவியில் ஓடி முடிவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுகிறது: 'டியர் பேரன்ட்ஸ், 9 மணிக்கு ஆன்லைன் கிளாஸ். யூனிஃபார்ம் கட்டாயம்.' வீடு இரண்டுபடுகிறது. அப்பா வேலைக்குக் கொண்டுபோக வேண்டிய போனைப் பிடுங்கிச் சார்ஜில் போட்டு, அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தி, இரண்டாம் வகுப்புப் பையனுக்குச் சட்டையை மட்டும் மாட்டி உட்கார வைத்தால், திரையில் நாற்பது சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் மிக்ஸி ஓடுகிறது. இன்னொன்றில் தாத்தா நியூஸ் பார்க்கிறார். 'ஃபைவ் செவன்ஸ் ஆர்?' என்று மிஸ் கேட்க, கேமராவுக்கு எட்டாத மூலையிலிருந்து அம்மாவின் குரல் கிசுகிசுக்கிறது: 'தேர்ட்டி ஃபைவ்னு சொல்லுடா.' பையன் சொல்கிறான். 'வெரி குட்!'

அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. நாற்பது வீடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் பிள்ளை திருதிருவென்று முழிப்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? ஆனால் பையனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரவில்லை என்பதுதான் அன்று காலை மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அது போய்ச் சேரவில்லை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளை வீட்டிலிருந்து ஆன்லைனில் படிக்கும்போது பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பேச்சு கருவிகளின் பக்கம் போய்விடுகிறது. எந்த ஆப் நல்லது, டேப் வாங்கலாமா, ஒன்றரை ஜிபி போதுமா? கொரோனா காலத்துப் பள்ளி மூடலும் அதன் பிறகு வந்த ஆய்வுகளும் காட்டுவது வேறு திசையை. பாடம் சொல்லும் வேலையைத் திரை ஓரளவு செய்துவிடுகிறது. பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்று கேட்கும் வேலையைத்தான் அதனால் செய்ய முடியவில்லை. அந்த வேலைக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை என்பதுதான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய முதல் நல்ல செய்தி.

ஒன்றாம் வகுப்பிலிருந்து நேராக மூன்றாம் வகுப்புக்கு

2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தபோது அது மூன்றாம் வகுப்பு. நடுவில் இருந்த காலத்துக்கு அரசிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் கால அட்டவணை போட்டுப் பாடம் ஒளிபரப்பானது. புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் குறியீடு இருந்தது. போனைக் காட்டினால் 'தீக்ஷா' தளத்தில் வீடியோ திறக்கும். தனியார் பள்ளிகள் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் மாறின. ஆனாலும் நடந்தது என்ன?

பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழக கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. 2019-இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகளுக்கு இருந்த திறனோடு 2021 டிசம்பரில் இருந்ததை ஒப்பிட்டார்கள். மொழியிலும் கணக்கிலும் பெரிய சரிவு. கணக்கில் ஏற்பட்ட இழப்பு மொழியில் ஏற்பட்டதைப் போல இரு மடங்கு. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பேச்சும் கதையும் வசவும் கொஞ்சலும் வீட்டில் நாள் முழுக்க ஓடுகின்றன. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை யாரும் தற்செயலாகப் பேசுவதில்லை.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதிதான் பெற்றோர் கூர்ந்து படிக்க வேண்டியது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என்ன பெரிய தொழில்நுட்பம் இருந்தது? ஊரில் உள்ள ஓர் அக்கா, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார். பிள்ளை தடுக்கிய இடத்தில் நிறுத்தினார். சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த அக்கா மாலைக்கு மாலை செய்ததை வீட்டுக்குள் சுருக்கினால் அதுவே ஆன்லைன் படிப்புக்குப் பெற்றோர் தர வேண்டிய துணை.

பட்டன் போனில் ஒரு பாடம்

இன்னொரு சோதனை போட்ஸ்வானாவில் நடந்தது. 2020-இல் அங்கே பள்ளிகள் மூடியபோது சுமார் 4,500 குடும்பங்களைத் தேர்ந்து மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் எஸ்எம்எஸ்ஸில் போயின. மூன்றாம் பிரிவுக்கு அந்த எஸ்எம்எஸ்ஸோடு கூடவே ஆசிரியரிடமிருந்து ஒரு போன் அழைப்பு, வாரத்துக்கு ஒரு முறை, கால் மணி, இருபது நிமிடம். ஸ்மார்ட்போன் கூட வேண்டியதில்லை. ஆசிரியர் முதலில் பெற்றோரிடம் பேசுவார், பிறகு போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பிள்ளையிடம் கணக்கைப் பற்றிப் பேசுவார். வெறும் எஸ்எம்எஸ் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. அழைப்பும் பெற்றவர்கள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஐந்து நாடுகளில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள்.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது மதிப்பெண் இல்லை. அழைப்பு வந்த வீடுகளில் தன் பிள்ளைக்கு உண்மையில் எந்தக் கணக்கு வரை தெரியும் என்பதைப் பெற்றோர் முன்பைவிடச் சரியாகச் சொன்னார்கள். நம் வீடுகளில் எத்தனை பேரால் அதைச் சொல்ல முடியும்? 'மூணாவது படிக்கிறான், கணக்குல 92' என்று சொல்வோம். மூன்று இலக்க எண்ணில் நடுவே பூஜ்யம் வந்தால் கழிக்கத் தெரியுமா என்று கேட்டால் 'டியூஷன்ல பார்த்துக்குவாங்க' என்போம்.

இதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டுமா என்ற கேள்வி உடனே வரும். பிகாரிலும் ராஜஸ்தானிலும் ருக்மிணி பானர்ஜி முதலான ஆய்வாளர்கள் செய்த சோதனையில், எழுத்தறிவு குறைந்த தாய்மார்களுக்கு எழுத்து வகுப்பும், பிள்ளையோடு சேர்ந்து செய்யும் சின்னச் சின்ன வீட்டுப் பயிற்சிகளும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கணக்குத் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. அளவு சிறியதுதான், மாயம் எதுவும் நடக்கவில்லை. இருந்தாலும், 'நானே படிக்காதவ, நான் எங்கே சொல்லித் தர்றது?' என்று ஒதுங்கி நிற்கும் தாய்க்கு அந்தச் சின்ன முன்னேற்றம் போதுமான பதில்.

அம்மா டீச்சர் ஆக வேண்டாம்

பக்கத்தில் உட்காருவதற்கும் பாடம் எடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கோடு பத்தாவது நிமிடத்தில் அழிந்துபோகிறது. மிஸ் சொன்ன முறை ஒன்று, அம்மா அறிந்த முறை இன்னொன்று. 'அப்படி இல்லம்மா, மேம் வேற மாதிரி போட்டாங்க.' 'எனக்குத் தெரியாதா? சொன்னதைக் கேளு!' அரை மணியில் அழுகை, ஒரு கொட்டு, நோட்டில் அம்மாவின் கையெழுத்தில் வீட்டுப்பாடம், அதன் போட்டோ குழுவுக்கு. ஆசிரியருக்கு இது தெரியாமல் இல்லை. முப்பது வருடம் எழுதிப் பழகிய கை எது, மூன்று வருடம் பழகிய கை எது என்று கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

மாற்று வழி கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தோன்றும். வகுப்பு முடிந்ததும் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'மிஸ் என்ன சொன்னாங்க? எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேட்பது. பிள்ளைதான் டீச்சர். கேள்வி நிஜமாகவே தெரியாமல் கேட்பது போல இருக்க வேண்டும், விசாரணைத் தொனி வந்தால் பிள்ளை மூடிக்கொள்ளும். பார்த்ததைத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது கற்றலை உறுதியாக்குகிறது என்பது கல்வி உளவியலில் பலமுறை சோதித்து நிலைநிறுத்தப்பட்ட ஒன்று. மறுபடி ஒருமுறை வீடியோவைப் போட்டுக் காட்டுவதைவிட இது நல்லது. பதிவு செய்த பாடமென்றால் நடுவிலேயே நிறுத்தலாம். 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?' பதில் தப்பாக இருந்தால் திருத்த அவசரப்பட வேண்டாம். வீடியோ ஓடட்டும், பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

எந்த மொழியில் சொல்ல வேண்டும்? பிள்ளைக்குச் சரளமாக வரும் மொழியில். இங்கேதான் ஆங்கில வழியில் சேர்த்த பெற்றோர் தடுமாறுகிறார்கள். தமக்கு ஆங்கிலம் வராது என்பதால் பிள்ளையின் படிப்பில் தலையிடத் தமக்குத் தகுதி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் 'ஃப்ராக்‌ஷன்ஸ்' என்று ஒரு பாடம். திரையில் பீட்சாவை வெட்டிக் காட்டுகிறார்கள், ஊரில் பாதிப் பிள்ளைகள் பீட்சாவை விளம்பரத்தில் மட்டும் பார்த்தவர்கள். அதே பிள்ளை காலையில் கடைக்குப் போய் அரை லிட்டர் பாலும் கால் கிலோ தக்காளியும் வாங்கி வந்திருக்கிறது. தட்டில் இருக்கும் தோசையை இரண்டாக, நான்காகக் கிழித்து, 'ரெண்டு கால் சேர்ந்தா என்ன?' என்று அம்மா தமிழில் கேட்டால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். கருத்து ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு எடுத்துப் போவது பள்ளியின் வேலை. பொருள் தெரியாமல் ஆங்கிலச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் யாரும் காப்பாற்ற முடியாது.

பாட்டி, தாத்தா உள்ள வீடுகளுக்கு இதில் கூடுதல் வசதி. பகலில் நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். கதையைப் பிள்ளை படிக்க, பாட்டி கேட்கட்டும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் கதை பிசகினால் தெரியும். பல்லாங்குழி தெரிந்த பாட்டி என்றால் கணக்குக்கும் அவரே போதும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ச் சிறார் கதைகள் இலவசமாக, படி வாரியாக இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்துச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. காகிதப் புத்தகம் கையில் கிடைத்தால் அதற்கே முதல் இடம்.

பிள்ளை படிப்பதைக் கேட்கும் ஆப் கூட வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான். கூகுளின் 'ரீட் அலாங்' தமிழிலும் இருக்கிறது. பிள்ளை உரக்கப் படித்தால் எந்தச் சொல்லில் தடுக்கியது என்று காட்டும், கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நல்ல துணை. உச்சரிப்பைப் பிடிக்கும் அந்த ஆப், 'நரி ஏன் பொய் சொல்லுச்சு?' என்ற கேள்வியைப் பிள்ளையோடு சண்டை போட்டுப் பேசாது. வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்துப் போட்டால் விடை தரும் செயற்கை நுண்ணறிவு ஆப்களை, ஐந்தாம் வகுப்பு முடியும் வரையாவது, பிள்ளையின் கைக்குத் தராமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்த வயதில் விடை யாருக்கும் தேவையில்லை. விடைக்குப் போகும் வழியில் பிள்ளை தடுமாறுவதுதான் படிப்பு.

ஒரு போன், இரண்டு பிள்ளைகள்

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. போனைத் தரையில் வைத்துக் குனிந்து பார்க்க விடாதீர்கள், கண் உயரத்துக்கு ஏதாவது ஒன்றின் மேல் நிறுத்தினால் போதும். நோட்டு, பென்சில், தண்ணீர் எல்லாம் எட்டும் தூரத்தில். முதுகுக்குப் பின்னால் டிவி ஓடக் கூடாது. ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு ஆப்பைத் திரையில் 'பின்' செய்து வைக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும், அதைப் போட்டுவிட்டால் பிள்ளை வகுப்பிலிருந்து நழுவி விளையாட்டுக்குள் எளிதில் போக முடியாது. யூடியூபில் பாடம் பார்ப்பதானால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பிள்ளை கெட்டுப்போகிறது என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி, அடுத்த வீடியோ தானாக ஓடுவதால் வருவது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு, இருப்பது ஒரு போன் என்றால், நேரலையை யாருக்குத் தருவது? பெரும்பாலான வீடுகள் பெரியவனுக்குத் தருகின்றன, அதிலும் பையனுக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைக்குத்தான் ஆசிரியரின் நேரடிக் குரல் அதிகம் தேவை. பெரியவன் பதிவைப் பார்த்துக்கொள்வான். தீக்ஷாவில் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இரவு அப்பா வந்த பிறகு பார்த்தாலும் பாடம் பாடம்தான், ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

எவ்வளவு நேரம்? இதற்கு அரசே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. 2020 ஜூலையில் ஒன்றிய கல்வித் துறை வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதலின்படி, மழலையர் வகுப்புக்கு அரை மணிக்கு மேல் கூடாது. 1 முதல் 8 வரை, 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மழை விடுமுறையில் காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரை கேமரா முன்னால் உட்கார வைக்கும் பள்ளி அந்தக் கணக்கை மீறுகிறது. குழுவில் ஒரே ஒருவர் கேட்டால் 'பிரச்னை பண்ற பேரன்ட்' என்று பெயர் வரும். பத்துப் பேர் சேர்ந்து, வழிகாட்டுதலைச் சுட்டி, மரியாதையாகக் கேளுங்கள்.

கண்ணைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. அதைவிட முக்கியமானது வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது. தைவானில் 2010 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் இயக்கம் நடந்து, ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் திரும்பி இறங்கியது. மழை விட்டதும் தெருவுக்கு அனுப்புங்கள். சேறு துவைத்தால் போகும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கே வந்து பிள்ளைக்கு 'இலவசத் தேர்வு' நடத்தி, 'சார், உங்க பொண்ணு அடிப்படையில வீக்' என்று பயமுறுத்தித் தவணையில் டேப் விற்ற காலத்தை நாம் பார்த்தோம். 2021 டிசம்பரில் ஒன்றிய கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது. சந்தாவுக்காக வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது அதில் முக்கியமான ஒன்று. இன்றும் அது பொருந்தும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

'வீக்' என்று விற்பனையாளர் சொல்வதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடலாம். ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையான 'ஏசர்' கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் செய்வது மிக எளிய சோதனை. எழுத்துகள், பிறகு எளிய சொற்கள், பிறகு ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. கணக்கில் ஒற்றை இலக்க எண்கள், இரட்டை இலக்க எண்கள், கடன் வாங்கும் கழித்தல், வகுத்தல். அவ்வளவுதான்.

தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8, 2024-இல் 12. அந்தக் கணக்கெடுப்பின் முறையைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் இந்த எண்கள் அப்படியே சரியில்லை என்றாலும், நம் வீட்டுப் பிள்ளையை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பள்ளியில் நடத்தாத ஒரு கதையை எடுங்கள். நடத்திய பாடமென்றால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும், விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் போவதைக் கவனித்தால் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். 'இதுகூடத் தெரியலையா?' என்ற வாக்கியத்தை அன்று மட்டுமாவது விலக்கி வையுங்கள். உயிர்மெய் எழுத்தில் நிற்கிறதா, ணகர னகரத்தில் குழம்புகிறதா, சொல்லெல்லாம் படித்துவிட்டுக் கதை என்ன என்று கேட்டால் விழிக்கிறதா என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 35 என்று வந்தால், பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அது கவனக்குறைவு இல்லை. கடன் வாங்குவது புரியவே இல்லை, ஐம்பது கணக்கு போட வைத்தாலும் ஐம்பதும் அப்படித்தான் வரும்.

அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று திறன் வாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரைக் கேட்கலாம், அவர் சொல்வார். தனியார் பள்ளிகளில் மதிப்பெண் அட்டையைத் தாண்டி இதைச் சொல்பவர்கள் குறைவு. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த முறை டீச்சரிடம் போனில் பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில், 'நல்லா படிக்கிறானா மேம்?' என்று கேட்டால், 'நல்லா பண்றான், கொஞ்சம் கவனம் வேணும்' என்ற பதில்தான் வரும். நாற்பது பெற்றோருக்கும் அவர் அதைத்தான் சொல்கிறார். கையில் அந்தக் காகிதம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்: 'மேம், கடன் வாங்கிக் கழிக்கிறதுல பெரிய எண்ணிலேர்ந்து சின்னதைக் கழிச்சிடுறான். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தா கட்டி வெச்சுப் பார்த்தோம், கொட்டைய வெச்சா சரியா வருது, எழுதும்போது வரலை. அடுத்து என்ன பண்ணட்டும்?'